செஸ்ட் நம்பர் பதினொன்று

விழவில்லை அக்கா, குதித்தேன். யாரும் அடிக்கவும் இல்லை. பஸ் ஏறினதிலிருந்து என் முழங்கையையே பார்க்கிறீர்கள், கேட்கவும் மாட்டேன் என்கிறீர்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். ஒரு பலகைச் சுவர். ஏறி அந்தப் பக்கம் குதிக்க வேண்டும். குதித்தேன். மண்ணில் உரசிவிட்டது. டிஞ்சர் போட்டார்கள், அவ்வளவுதான்.

போலீஸ் வேலைக்கா? இல்லை அக்கா. ராணுவம். சிப்பாய் இல்லை, அதிகாரி. ஆமாம், பெண்களையும் எடுக்கிறார்கள். பெங்களூரில் ஐந்து நாள் தங்கவைத்துப் பார்க்கிறார்கள். இன்றைக்குக் காலையில்தான் முடிந்தது.

கிடைத்திருந்தால் இந்த பஸ்ஸில் இருப்பேனா? கிடைத்தவர்களை அங்கேயே நிறுத்தி மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுவார்கள். எங்கள் கூட்டத்தில் இரண்டு பேரை நிறுத்தினார்கள். மீதிப் பேரை வேனில் ஏற்றி பஸ் ஸ்டாண்டில் கொட்டிவிட்டார்கள். ஊர் போய்ச் சேரும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். நீங்கள் வேர்க்கடலையை நீட்டிவிட்டீர்கள்.

என் வீட்டுக்காரர் குணாளன். ராணுவத்தில் நாயக். போன ஆவணியில் இறந்துபோனார். பணியில் இருக்கும்போதே இறந்தவர்களின் மனைவிமாருக்கு அதிகாரி வேலையில் ஒன்றிரண்டு இடம் வைத்திருக்கிறார்கள். டிகிரி வேண்டும், இருக்கிறது. வயது வேண்டும், எனக்கு இருபத்தேழு. நாலு வயதில் ஒரு பெண் இருக்கிறாள், மிருதுளா. குழந்தை இருப்பது தடையில்லை.

உச் கொட்டாதீர்கள் அக்கா. தயவுசெய்து. ஒரு வருஷமாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் குமட்டுகிறது.

எங்கள் ஊர் பள்ளிகொண்டா பக்கம். வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்தில். அதனால் ஒரு சாவுக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு அத்துப்படி. பெட்டி வருவதற்கு முன்னாலேயே பிளெக்ஸ் வந்துவிட்டது. பனிமலை, பின்னால் கொடி, அவர் கையில் ஒரு பெரிய துப்பாக்கி. அந்த மாதிரித் துப்பாக்கியை அவர் பக்கத்தில் போய்ப் பார்த்திருப்பாரா என்றே சந்தேகம். அவர் சப்ளை பிரிவு அக்கா. அரிசி, பருப்பு, காய்கறி ஏற்றுவது, இறக்குவது. வடக்கே ஒரு கேம்பில் உருளைக்கிழங்கு மூட்டை இறக்கும்போது லாரி பின்னால் வந்துவிட்டது. பனியும் இல்லை, எதிரியும் இல்லை. ரிவர்ஸ் கியர். அவ்வளவுதான் நடந்தது. ஊரில் ஒருத்தர் வாயிலும் அந்த வார்த்தை வராது. பேசினால் எல்லாம் வீரம், மண், ரத்தம். என் மாமியார் மட்டும் அன்றிலிருந்து வீட்டில் உருளைக்கிழங்கு வாங்குவதில்லை. அந்த வீட்டில் நான் பார்த்த நிஜமான துக்கம் அது ஒன்றுதான்.

அவருக்கு ஒரு தம்பி, குபேந்திரன். செல்போன் கடை வைத்திருக்கிறான். பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் என்னை அண்ணி என்றுதான் கூப்பிட்டான். அதற்கப்புறம் எனக்குப் பெயரே இல்லை. "இதோ", "இங்க", "தண்ணி." அவ்வளவுதான்.

புரிகிறதா? புரிந்துவிட்டது, உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. எங்கள் ஊரில் அண்ணன் போனால் தம்பிக்கு. மூன்று வீட்டில் நடந்திருக்கிறது. வெளியாளைக் கட்டினால் பென்ஷன் நின்றுபோகுமாம், கொழுந்தனைக் கட்டினால் நிற்காதாம். ரிட்டயர்டான சுபேதார் ஒருவர் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து விதிமுறையை வாசித்துக் காட்டினார். என் முன்னாலேயே. அவருக்குக் காபி கொண்டுபோய் வைத்தது நான். சர்க்கரை போதுமா என்று வேறு கேட்டேன்.

அத்தை கெட்டவள் இல்லை. "வெளியிலேர்ந்து வர்றவன் கொழந்தைய இன்னாத்துக்குமா பாத்துக்கப் போறான்? இவன்னா சித்தப்பன், ரத்தம். தலைத் திவசம் முடியட்டும், நாலு பேரை மட்டும் கூப்ட்டு முடிச்சிக்கலாம்" என்கிறாள். சொல்லிவிட்டு என் தலையைத் தடவிக்கொடுக்கிறாள். தடவுகிற கையைத் தட்டிவிட முடியுமா? தலைத் திவசம் ஆவணியில் வருகிறது. இன்னும் ஐந்து வாரம்.

ஒரு நாள் குளித்துவிட்டு வருகிறேன், குபேந்திரன் கண்ணாடி முன்னால் நிற்கிறான். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு. நீலக் கட்டம் போட்ட சட்டை, கல்யாணமான புதிதில் நான் எடுத்துக் கொடுத்தது. திரும்பவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்து, "எனக்குக் கரெக்டா கீதுல்ல?" என்றான். சீ! அன்றைக்கிலிருந்து நானும் மிருவும் படுக்கிற அறைக்குத் தாழ்ப்பாள் மட்டும் போதவில்லை. தையல் மிஷினையும் கதவுக்கு நகர்த்தி வைக்கிறேன்.

அம்மா வீடா? அம்மா இல்லை. அப்பா என் அண்ணன் வீட்டில் ஹால் சோபாவில் படுக்கிறார். அங்கே எனக்கும் குழந்தைக்கும் எங்கே இடம்?

இந்த வேலை கிடைத்தால் சென்னையில் பதினொரு மாதம் பயிற்சி. அதற்கப்புறம் குவார்ட்டர்ஸ். எனக்கும் மிருவுக்கும் ஒரு கதவு, அதற்கு ஒரு சாவி, அந்தச் சாவி என் கையில். அதற்காகத்தான் அக்கா இவ்வளவும். நாட்டுக்காக என்று அவர்களிடம் சொன்னேன். உங்களிடம் எதற்குச் சொல்ல?

சரி, ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றால் ஓடச் சொல்வார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஓடச் சொன்னால் ஓடிவிடலாம். படம் காட்டுகிறார்கள். கதை எழுது என்கிறார்கள். ஒரு வார்த்தையைக் காட்டி, பதினைந்து செகண்டில் மனசில் தோன்றுவதை எழுது என்கிறார்கள். அப்படி அறுபது வார்த்தை. உன் அம்மா உன்னைப் பற்றி என்ன நினைக்கிறாள், உன் டீச்சர் என்ன நினைக்கிறார், அதையும் எழுது என்கிறார்கள். நீ யார் என்று பார்க்கிறார்களாம்.

இதற்குக் கோச்சிங் இருக்கிறது. வேலூரில், மாடியில் ஒரு ஹால், கேப்டன் ஜெயசிம்மன் என்று ஒருவர். ஐந்து வருஷம் பட்டாளத்தில் இருந்தார், இருபது வருஷமாக அந்த ஐந்து வருஷத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வீட்டில் கம்ப்யூட்டர் கிளாஸ் என்று சொல்லிவிட்டு நாலு மாதம் போனேன். அந்த ஆளுடைய இங்கிலீஷைக் கேட்டிருந்தால் எங்கள் கான்வென்ட் சிஸ்டர் முட்டி போட வைத்திருப்பார். முதல் நாளே சொன்னார், "நீங்க நீங்களாவே இருக்கணும். அதான் ஒரே ரகசியம்." சொல்லிவிட்டு, நாம் நாமாகவே இருப்பது எப்படி என்று முப்பத்திரண்டு பக்க நோட்ஸ் கொடுத்தார்.

அதில் எல்லாம் இருக்கும். பயம் என்று வார்த்தை வந்தால், 'பயிற்சி பயத்தை விரட்டும்.' இருட்டு என்று வந்தால், 'இருட்டில் நட்சத்திரம் தெரியும்.' மரணம் என்று வந்தால், 'மரணம் தியாகத்தை நிரந்தரமாக்கும்.' மனப்பாடம் செய்தேன். சோறு வடிக்கும்போது, துணி துவைக்கும்போது, மிருவுக்குத் தலை வாரும்போது. என் மனசில் முதலில் தோன்றுவது அதுவாகவே ஆகிவிட வேண்டும், இல்லையா? ஆக்கிக்கொண்டேன். இப்போதுகூட நீங்கள் இருட்டு என்று சொல்லிப் பாருங்கள்.

கதைக்கும் ஒரே விதிதான். படத்தில் யார் நின்றாலும் அவர் ஊருக்கு நல்லது செய்தாக வேண்டும். ஒருத்தி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தால் அவள் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது. அவள் டாக்டர், மருத்துவ முகாம் நடத்துவதைப் பற்றி யோசிக்கிறாள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. மாதிரி நேர்காணல் என்று ஒன்று வைத்தார் பாருங்கள். சொல்லவே வாய் கூசுகிறது.

மற்ற எட்டுப் பேரும் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். நான் நடுவில் நாற்காலியில். கேட்கிறார்: "மிஸஸ் குணாளன், உங்க ஹஸ்பெண்ட் எப்படி இறந்தார்?"

"உருளைக்கிழங்கு மூட்டை இறக்கும்போது லாரி—"

"ஸ்டாப், ஸ்டாப். என்னம்மா நீ? உருளைக்கிழங்கா? கேக்கறவனுக்குச் சிரிப்பு வந்துடும். கடமையின்போதுன்னு சொல்லு. போதும்."

"ஆனா நடந்தது அதுதான் சார்."

"நடந்ததை யாரும்மா கேட்டா? இப்ப சொல்லு. சொல்லும்போது கண்ணு கலங்கணும். ஆனா வழியக் கூடாது. கலங்கினா மனுஷி. வழிஞ்சா வீக். நாலு செகண்ட், அதுக்கு மேல ஒரு துளி இருக்கக் கூடாது."

கையில் ஸ்டாப் வாட்ச் அக்கா. ஸ்டாப் வாட்ச்! மற்றவர்கள் நோட்டில் குறித்துக்கொள்கிறார்கள். எனக்கு முதல் தடவை ஒன்பது செகண்ட் ஆனது. "ஓவர்" என்றார். இரண்டாவது தடவை வரவே இல்லை. "வரலையா? அவரை நெனச்சுக்கோ. கல்யாணத்தன்னிக்கு நெனச்சுக்கோ" என்று எடுத்துக் கொடுக்கிறார், கல்யாண வீடியோக்காரன் மாதிரி. மூன்றாவது நாள் நாலு செகண்டில் நிறுத்திவிட்டேன். எல்லாரும் கைதட்டினார்கள். உவ்வே. அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது நிஜமாகவே வாந்தி எடுத்தேன். கண்டக்டர், "எத்தனாவது மாசம்மா?" என்றார்.

ஒரு மனுஷனுடைய சாவை எல்லாரும் எடுத்துப் பிசைந்து உருட்டி அவரவர் வாயில் போட்டுக்கொள்கிறார்கள். ஊர் ஒரு உருண்டை, சுபேதார் ஒரு உருண்டை, கேப்டன் ஒரு உருண்டை. ஆனாலும் அடுத்த நாளும் போனேன். எதற்குப் போனாய் என்கிறீர்களா? வீட்டில் அந்த நீலச் சட்டை நடமாடிக்கொண்டிருக்கிறதே அக்கா.

பெங்களூருக்குக் கிளம்பும்போது பென்ஷன் ஆபீஸில் கையெழுத்து, அலைய ஐந்து நாள் ஆகும் என்று சொன்னேன். ஆபீஸ் பெயரைச் சொன்னால் அந்த வீட்டில் யாரும் தடுப்பதில்லை.

முதல் நாளே ஒரு படம். மங்கலாகத் தெரிகிறது, வேண்டுமென்றே அப்படி. முப்பது செகண்ட் காட்டி எடுத்துவிட்டார்கள். ஒருத்தி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் ஒருத்தி நிற்கிறாள். எழுதிவிட்டு வட்டமாக உட்கார்ந்து அவரவர் கதையைச் சொல்ல வேண்டும். நாங்கள் பதினான்கு பேர். மார்பில் ஒரு துணி எண். எனக்குப் பதினொன்று. பெயரே கிடையாது, 'செஸ்ட் நம்பர் பதினொன்று' என்றுதான் கூப்பிடுவார்கள். அது ஒன்றுதான் எனக்கு அங்கே பிடித்திருந்தது.

முதல் பெண் ஆரம்பித்தாள். நிற்கிறவள் டாக்டர், கிராமத்தில் மருத்துவ முகாம். இரண்டாவது பெண், நிற்கிறவள் நர்ஸ், மலைக்கிராமத்தில் முகாம். மூன்றாவது, ரத்ததான முகாம். ஒருத்தி ராஜஸ்தான், ஒருத்தி கேரளா, ஒருத்தி அசாம். அந்த மங்கல் படத்துக்குள் ஒரே நேரத்தில் பத்து முகாம் நடந்தது அக்கா! உட்கார்ந்திருக்கிற நோயாளி ஒருத்திதான், பாவம், அவளை யார் கவனிப்பது? ஊருக்கு ஒரு ஜெயசிம்மன் உட்கார்ந்து நோட்ஸ் கொடுக்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அப்படி ஒரு அருவருப்பு. என்னுடையதா? என்னுடையதும் முகாம்தான். ஆனால் கண் மருத்துவம்.

நான்காம் எண் ஒரு பஞ்சாபிப் பெண். ஹர்லீன். அவள் சொல்கிறாள்: "உட்கார்ந்திருக்கிறவளுக்குப் பல் வலி. நிற்கிறவள் அவளுடைய தோழி. கிராம்பு கொடுத்தாள், கேட்கவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். வரும் வழியில் ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள்." அவ்வளவுதான் கதை. எல்லாரும் சிரித்துவிட்டோம். பல் வலி! இதற்கா ராணுவம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சல்லடையில் பாதிப் பேருக்கு மேல் அன்றைக்கே திரும்பினார்கள். நான் நின்றேன். ஹர்லீனும் நின்றாள், எப்படியோ.

அப்புறம் மைதானம். இரண்டு பலகை, ஒரு கயிறு, ஒரு டிரம்மை வைத்துக்கொண்டு தரையில் கால் படாமல் எல்லாரும் கோட்டைத் தாண்ட வேண்டும். 'எனக்கு ஒரு யோசனை' என்று முதலில் யார் கத்துகிறார்களோ அவர்தான் தலைவர் என்று கேப்டன் சொல்லியிருந்தார், யோசனை இல்லாவிட்டாலும் கத்த வேண்டும். கத்தினேன். என்னோடு இன்னும் மூன்று பேர் கத்தினார்கள். எல்லாரும் யோசனை சொன்னோம், பலகையைத் தூக்க ஆள் இல்லை. ஹர்லீன் ஒன்றும் பேசாமல் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு நின்றாள், கூலியாள் மாதிரி. என் குரல்தான் எல்லாரையும் விடச் சத்தமாக இருந்தது. அதைப் பார்த்த அதிகாரி ஏதோ எழுதினார்.

இந்த ஹர்லீன் எனக்குப் பக்கத்துக் கட்டில். சாயங்காலமானால் அம்மாவை நினைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சுவாள். இருபத்திரண்டு வயதுக் கழுதை. என் மகளுக்கு நாலு வயது, அவளைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று சொல்லலாம் போலிருந்தது.

மூன்றாம் நாள் நேர்காணல். ஒரே ஒரு அதிகாரி. வயதானவர், மூக்குக் கண்ணாடி, மெதுவான பேச்சு. நல்ல இங்கிலீஷ். எனக்கு அப்போதே தைரியம் வந்துவிட்டது. படிப்பு, ஊர், கான்வென்ட் எல்லாம் கேட்டார். பட்பட்டென்று சொன்னேன். அப்புறம் கணவரைப் பற்றிக் கேட்டார்.

நான் கடமையின்போது என்று ஆரம்பித்தேன். கண்ணும் கலங்கியது, சரியான இடத்தில். அவர் மேஜை மேல் இருந்த ஃபைலை என் பக்கம் லேசாகத் திருப்பினார். "என்னிடம் அறிக்கை இருக்கிறது அம்மா. உருளைக்கிழங்கு லாரி. எனக்கு வருத்தமாக இருக்கிறது" என்றார். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். முதன்முறையாக ஒருவர் கேலி இல்லாமல் என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னார் அக்கா. நாலு செகண்ட் ஏற்கெனவே முடிந்துவிட்டது.

குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார். என் மாமியார்தான் என் பலம் என்றேன். நோட்ஸில் இருபத்தொன்றாம் பக்கம். தலையாட்டினார். "நீங்கள் கிளம்பும்போது மகள் என்ன சொன்னாள்?" என்றார்.

இது நோட்ஸில் இல்லை. எந்தக் கோச்சிங்கும் சொல்லித்தராத கேள்வி. ஆனால் எனக்குப் பதில் தெரியும். என்னுடைய சொந்தப் பதில். அந்த ஐந்து நாளில் நான் சொன்ன நிஜமான விஷயம் அது ஒன்றுதான்.

"ஒன்றும் சொல்லவில்லை சார். அழவும் இல்லை. நான் பயிற்சி கொடுத்திருக்கிறேன்" என்றேன்.

எப்படி என்று கேட்டார். சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன், உங்கள் வீட்டிலும் சின்னக் குழந்தை இருந்தால் உபயோகப்படும். நாலு மாதம். முதலில் நான் கதவுக்குப் பின்னால் ஐந்து நிமிஷம் நிற்பேன். அவள் அழாமல் இருந்தால் பாஸ். அழுதால் ஃபெயில், திரும்ப முதலிலிருந்து. அப்புறம் பத்து நிமிஷம். அப்புறம் தெருமுனை வரைக்கும் போய் வருவேன். பால் பூத் வரைக்கும். அப்புறம் ஒரு மணி நேரம். அப்புறம் நான் கோச்சிங் போய்வரும் முழு நாள். முதல் இரண்டு வாரம் ஃபெயில், ஃபெயில், ஃபெயில். அத்தை நடுவில் வந்து, "ஏம்மா, கொழந்தைய இன்னா பண்ற?" என்றாள். விளையாட்டு அத்தை என்றேன். மூன்றாவது வாரம் ஒரு நாள் கதவிடுக்கில் பார்க்கிறேன், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். நான் சொல்லித்தரவில்லை அக்கா, அவளாகக் கண்டுபிடித்தது. கண்ணிலிருந்து கொட்டுகிறது, சத்தம் வரவில்லை. சத்தம் இல்லை என்றால் பாஸ் என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் கண்ணிலும் வருவதில்லை. இந்த வயதில் அந்த மனவுறுதி! இதையெல்லாம் அவரிடம் விளக்கமாகச் சொன்னேன். திட்டமிடல், விடாமுயற்சி, எல்லாம் இதில் இருக்கிறதே.

ஏன் செய்தேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உங்களுக்குச் சொன்னால் என்ன? ஒரு தடவை நான் கடைக்குப் போயிருந்தபோது அவள் அழுதிருக்கிறாள். திரும்பி வாசலில் செருப்பைக் கழற்றுகிறேன், உள்ளே குபேந்திரன் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அழாத கண்ணு, அப்பா கீறன்ல" என்கிறான். அப்பாவாம். அன்றைக்கு முடிவு செய்தேன். அவள் அழுதால்தானே தூக்குவான்? அழவே கூடாது.

நான் சொல்லி முடித்ததும் அவர் பேனாவை மேஜையில் வைத்துவிட்டார். மூடி வைத்தார். அசந்துபோய்விட்டார் என்றுதான் நினைத்தேன்.

"நீங்கள் கடைசியாக எப்போது அழுதீர்கள்?" என்று கேட்டார்.

உண்மையைச் சொன்னேன். "மாதிரி நேர்காணலில், சார்."

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். எழுந்து நின்று, கதவு வரைக்கும் வந்து, "நன்றி அம்மா, வீட்டுக்குப் போனதும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். வெளியே வந்து மற்றவர்களிடம் கேட்டேன், வேறு யாருக்கும் எழுந்து நிற்கவில்லையாம். எனக்கு மட்டும்தான். சந்தோஷத்தில் அன்றைக்கு இரண்டு சப்பாத்தி கூடச் சாப்பிட்டேன்.

இன்றைக்குக் காலையில் எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்து எண்ணை வாசித்தார்கள். நான்கு. ஒன்பது. அவ்வளவுதான். மூடிவிட்டார்கள்.

நான்கு! பல் வலி! அவள் என்ன செய்தாள் தெரியுமா? எழுந்து நிற்கக்கூட முடியாமல் ஓவென்று அழுதாள். மூக்கு, கண் எல்லாம் ஒழுகுகிறது, அதிகாரிகள் முன்னால், நாலு செகண்ட் இல்லை, நாலு நிமிஷம். ஒருத்தரும் அவளை வீக் என்று சொல்லவில்லை. ஒரு மேடம் தன் கைக்குட்டையையே எடுத்துக் கொடுத்தார். அவள் வந்து என்னைக் கட்டிக்கொண்டு வேறு அழுதாள், என் சட்டையெல்லாம் ஈரம். நான் கல்லு மாதிரி நின்றேன். யாரைக் கலங்காதவள் என்று எடுத்திருக்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள். த்தூ. கோச்சிங் பொய், நோட்ஸ் பொய், பிளெக்ஸ் பொய் என்றால், அங்கே போனால் அதுவும் இப்படி.

அடுத்த தடவையா? எழுதலாம். ஆவணிக்கு அப்புறம் எந்தப் பெயரில் எழுதுவது அக்கா?

போன் எல்லாம் முதல் நாளே வாங்கி வைத்துக்கொண்டார்கள், இன்றைக்குத்தான் கொடுத்தார்கள். வேனில் எல்லாரும் வீட்டுக்குப் பேசினார்கள். நான் பேசவில்லை. பேசினால் என் குரலைக் கேட்டு அவள் உடைந்துவிட்டால்? ஐந்து நாள் தாக்குப்பிடித்தது வீணாகப் போகுமே. ஒரேயடியாக வீட்டுக்குப் போய்—

இருங்கள். குபேந்திரன் நம்பர்.

எடுக்கிறேன், எடுக்கிறேன்.

ம். ஆமாம். முடிஞ்சுது. வந்துட்டே இருக்கேன், வாணியம்பாடி தாண்டியாச்சு. இல்லை, யாரும் வர வேணாம், நானே ஆட்டோல வந்துடுவேன். மிருகிட்ட குடுங்க.

மிரு. அம்மாதான்டா. சாப்பிட்டியா? ம். ம். அஞ்சு நாளுமா? ஒரு தடவைகூடவா? கேக்கலைடா, கையை எடுத்துட்டுப் பேசு. வாயிலேர்ந்து கையை எடு மிரு. ம், இப்ப சொல்லு. ஆமாம். பாஸ். நெஜமா பாஸ். அம்மா பொய் சொல்வேனா?

...

அக்கா. என்ன கேட்கிறாள் தெரியுமா? பாஸாயிட்டேன்ல, இனிமே அழலாமா என்று கேட்கிறாள்.

லைனில்தான் இருக்கிறாள். மூச்சு கேட்கிறது. நான் சொல்லும்வரை செய்ய மாட்டாள், அப்படிப் பழக்கி வைத்திருக்கிறேன். பக்கத்தில் அவன் வேறு இருப்பான். நான் இப்போது வாயைத் திறந்தால்... இல்லை, முடியாது, பஸ்ஸில் இத்தனை பேர். இந்தாருங்கள், பிடியுங்கள் அக்கா. நீங்கள் சொல்லிவிடுங்கள். அழும்மா என்று ஒரு வார்த்தை. மிரு என்று கூப்பிடுங்கள், பேசுவாள்.